பின்னால் உருண்டை சுமக்கும் சிலந்தி

குறுவைப் பயிர் தூர் கட்டும் நேரம் இது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புகையானைப் பற்றித்தான் கேட்கின்றன. அவற்றுக்கு நடுவே சிலந்தியைப் பற்றியும் சில கேள்விகள் வந்திருக்கின்றன. புகையானைப் பற்றிப் பேச வேண்டுமானால் சிலந்தியிலிருந்து தொடங்குவதே சரி என்பதால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நட்டு 32 நாளான குறுவை வயல். தண்ணீர் மேல் சாம்பல் நிறச் சிலந்திகள் ஓடுகின்றன. பின்புறத்தில் மிளகைவிடச் சற்றுப் பெரிய வெளிறிய உருண்டை ஒட்டியிருக்கிறது. சிலவற்றின் முதுகில் பொடிப்பொடியாக ஏதோ அப்பியிருக்கிறது. இது ஏதாவது நோயா? அடித்தூரில் புகையானும் கொஞ்சம் தெரிகிறது. மருந்துக் கடையில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மருந்தாக அடித்துவிடலாம் என்கிறார்கள். அடிக்கலாமா?
— வாசகர், மன்னார்குடி

பதில்: இன்றைக்கு அடிக்க வேண்டாம். முதலில் எண்ணுங்கள். எப்படி எண்ணுவது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் பார்த்தது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அது ஓநாய்ச் சிலந்தி. அறிவியல் பெயர் பார்டோசா சூடோஅன்னுலேட்டா. வலை கட்டாது, ஓடிப்போய்ப் பிடிக்கும். தண்ணீர் மேலும் ஓடும், அடித்தூரிலும் ஏறும். புகையான் இருக்கும் இடமும் அடித்தூர்தான் என்பதைக் கவனியுங்கள். பின்னால் ஒட்டியிருக்கும் உருண்டை நோயல்ல, முட்டைப் பை. தாய் தன் நூலாலேயே பையைப் பின்னி, முட்டைகளை உள்ளே வைத்து மூடி, நூல் சுரக்கும் உறுப்போடு ஒட்டிக்கொண்டு போகுமிடமெல்லாம் சுமக்கிறது. முதுகில் பொடியாக அப்பியிருப்பவை அதன் குஞ்சுகள். ஒரு தாயின் முதுகில் 60 முதல் 80 குஞ்சுகள் வரை ஏறிக்கொள்ளும்.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. ஓநாய்ச் சிலந்தியின் முட்டைப் பையைக் குஞ்சுகளால் தாமாக எளிதில் கிழித்துக்கொண்டு வெளியே வர முடியாது. உரிய நாளில் தாய்தான் பையின் ஓரத் தையலைத் தன் பல்லால் பிரித்துவிடுகிறது. பை சுமக்கும் தாய் மருந்து பட்டுச் செத்தால், பைக்குள் இருக்கும் குஞ்சுகளும் பெரும்பாலும் அதற்குள்ளேயே முடிந்துபோகும். நீங்கள் கொல்வது ஒரு சிலந்தியை என்று நினைப்பீர்கள். உண்மையில் அடுத்த மாதம் உங்கள் வயலில் வேலை செய்ய வேண்டிய அறுபது பேரையும் சேர்த்துக் கொல்கிறீர்கள்.

பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸ் என்ற ஊரில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் நெல் வயல் சிலந்திகளைப் பற்றி விவரமாக எழுதியிருக்கிறது. ஓநாய்ச் சிலந்தி ஒன்று ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை பிடித்துத் தின்னும் என்பது அதன் கணக்கு. குத்துக்கு ஒன்று இருந்தால் என்ன நடக்கும் என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

மருந்து அடித்த பிறகு ஏன் புகையான் கூடுகிறது?

"அடித்த பத்தாம் நாள் முன்பைவிட அதிகமாகிவிட்டது, மருந்து போலியோ?" என்று பலர் கேட்கிறார்கள். போலி மருந்து இருக்கலாம். ஆனால் நல்ல மருந்தாலும் இது நடக்கும். காரணம் இரு உயிர்களின் இனப்பெருக்க வேகத்தில் இருக்கிறது.

புகையான் இலை உறைக்குள் துளைத்து முட்டை வைக்கிறது. மேலே அடிக்கும் மருந்து அந்த முட்டைகளைப் பெரும்பாலும் தொடுவதில்லை. ஒரு வாரம், பத்து நாளில் அவை பொரிந்துவிடும். முட்டையிலிருந்து முட்டை வரை ஒரு சுற்றை அது ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடித்துவிடுகிறது. ஓநாய்ச் சிலந்தி மூன்று நான்கு மாதம் வாழும் உயிர். வாழ்நாளில் 200 முதல் 400 முட்டை இட்டாலும், குஞ்சு பெரிதாகிப் பருவத்துக்கு வர நாள் பிடிக்கும். ஆகவே மருந்து இரண்டையும் சமமாகக் கொன்றாலும், மீண்டு எழுவது சமமாக நடப்பதில்லை. புதிதாகப் பொரிந்த புகையான் குஞ்சுகளைத் தடுக்க வயலில் யாரும் இல்லாத நிலை வந்துவிடுகிறது.

இது ஒரு நாட்டுக்கே நடந்திருக்கிறது. இந்தோனேசியாவில் 1970-களிலும் 80-களிலும் நெல்லுக்கு மருந்து மானியத்தில் தாராளமாகக் கிடைத்தது. புகையான் குறையவில்லை, பெருகியது. 1986-ல் அதிபர் சுகார்த்தோ 57 பூச்சிமருந்துகளை நெல்லில் பயன்படுத்தக் கூடாது என்று ஆணை போட்டார். மருந்தைக் குறைத்து, இயற்கை எதிரிகளைக் காப்பாற்றும் ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்பை அரசே கையில் எடுத்தது.

எப்படி எண்ணுவது?

வயலின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே நடந்து, 20 குத்துகளைப் பாருங்கள். வரப்போரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குத்தை லேசாகச் சாய்த்து, அடித்தூரைக் கையால் தட்டுங்கள். தண்ணீரில் விழும் புகையானை எண்ணுங்கள். அதே குத்தில் ஓடும் சிலந்திகளையும் எண்ணுங்கள். குத்தில் எத்தனை தூர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை இது: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான் என்ற அளவு வந்தால் மருந்தை நினைக்கலாம். குத்துக்கு 1 சிலந்தி இருக்கும் வயலில் தூருக்கு 2 புகையான் வரை பொறுக்கலாம்.

ஓர் உதாரணம். குத்துக்குச் சராசரி 12 தூர், 15 புகையான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூருக்கு ஒன்றே கால். சிலந்தி இல்லையென்றால் வரம்பு தாண்டிவிட்டது. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் வரம்புக்குள்தான் இருக்கிறது. புகையான் எண்ணிக்கை ஒன்றுதான். முடிவை மாற்றுவது சிலந்தி. ஐந்து நாள் கழித்து மறுபடி எண்ணுங்கள். அதற்குள் தண்ணீரை வடித்து, வயலைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடுங்கள். யூரியா போட நினைத்திருந்தால் ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். பயிர் கறுத்துச் செழித்தால் புகையானுக்குக் கொண்டாட்டம்.

வரம்பு தாண்டியிருந்தால் அடிக்கத்தான் வேண்டும், அதில் தயக்கம் வேண்டாம். ஆனால் பெயர் 'த்ரின்' என்று முடியும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற செயற்கை பைரித்ராய்டு மருந்துகளை நெல்லில் புகையானுக்குத் தொடவே தொடாதீர்கள். அவை சிலந்தியைத் துடைத்துவிட்டுப் புகையானைப் பெருக்கும். புப்ரோபெசின், பைமெட்ரோசின் போன்றவை சிலந்திக்கு ஒப்பீட்டளவில் தீங்கு குறைந்தவை. அளவை உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு, தண்ணீரை வடித்துவிட்டு, அடித்தூரில் படும்படி அடியுங்கள்.

கேள்வி: எங்கள் வயலில் பார்க்கும் சிலந்தி எல்லாம் ஒரே இனமா? சிலது வலை கட்டுகிறது, சிலது குதிக்கிறது, சிலது குச்சி போலப் படுத்துக் கிடக்கிறது.
— வாசகர், கும்பகோணம்

பதில்: ஒரே இனம் இல்லை. உலகில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000-ஐத் தாண்டிவிட்டன. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரிலிருந்து பராமரிக்கப்படும் உலகச் சிலந்திப் பட்டியலில் 2022-ல்தான் ஐம்பதாயிரமாவது இனம் சேர்ந்தது. ஒரு நெல் வயலிலேயே தேடினால் பல இனங்கள் கிடைக்கும். முக்கியமானவர்களையும், அவர்கள் பிள்ளை வளர்க்கும் விதத்தையும் சொல்கிறேன். முட்டை எண்ணிக்கை எல்லாம் மேலே சொன்ன நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு.

குச்சி போலப் படுப்பது நீள்தாடைச் சிலந்தி. காலை முன்னும் பின்னும் நீட்டி இலையோடு ஒட்டிக்கொள்ளும். வட்ட வலை கட்டும். 100 முதல் 200 முட்டைகளைப் பயிரின் மேல்பாதியில், பஞ்சு போன்ற நூலால் மூடி வைத்துவிட்டுப் போய்விடும்.

காலெல்லாம் முள் முளைத்தது போல இருப்பது பூனைச் சிலந்தி. இலை மேல் பதுங்கிப் பாயும். குருத்துப்பூச்சியின் அந்துப்பூச்சியையும் இலைச்சுருட்டுப் புழுவின் அந்துப்பூச்சியையும் நாளைக்கு இரண்டு மூன்று பிடிக்கும். 200 முதல் 350 முட்டைகளை இலையில் வைத்துவிட்டு, பொரியும் வரை பக்கத்திலேயே காவல் இருக்கும்.

குதிப்பது தாவும் சிலந்தி. 60 முதல் 90 முட்டைதான். மடிந்த இலைக்குள் பட்டுக் கூடு கட்டி உள்ளேயே காவல் காக்கும்.

அடித்தூரில் கடுகு போல இருப்பது குள்ளச் சிலந்தி. ஆயுள் ஒன்றரை, இரண்டு மாதம். 80 முதல் 100 முட்டை. பலர் இதைச் சிலந்திக் குஞ்சு என்று நினைக்கிறார்கள். ஆனால் முழு வளர்ச்சி பெற்ற பிறகும் அது அவ்வளவுதான். புகையானின் இளங்குஞ்சுகளை நாளைக்கு நான்கைந்து தின்னும்.

வலை நடுவில் எட்டுக் காலையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி போல உட்கார்ந்திருப்பது ஆர்ஜியோப். 600 முதல் 800 முட்டை. பையைப் பின்னிக் கட்டிவிட்டால் அதோடு சரி, குஞ்சைப் பார்ப்பதில்லை.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு தாய்க்குக் கிடைக்கும் தீனி ஓர் அளவுதான். அதை நிறைய முட்டையாக்கி விதைத்துவிட்டுப் போகலாம், அல்லது குறைவாக இட்டுக் கூடவே இருந்து காக்கலாம். நாற்றங்காலில் அடர்த்தியாக விதைப்பதற்கும், ஒற்றை நாற்று நட்டுப் பராமரிப்பதற்கும் உள்ள வித்தியாசம் போலத்தான். சிலந்திகள் பூமியில் 30 கோடி ஆண்டுகளாக இருக்கின்றன. அந்தக் காலத்துக்குள் ஒவ்வோர் இனமும் தன் இடத்துக்கும் இரைக்கும் ஏற்ற ஒரு வழியில் நிலைத்திருக்கிறது. எல்லாம் ஒரே நேர்கோட்டில் வராது. ஓநாய்ச் சிலந்தி நிறைய முட்டையும் இடுகிறது, சுமக்கவும் செய்கிறது. ஆனால் அது அத்தனையையும் ஒரே பையில் வைப்பதில்லை, ஆயுளும் அதிகம்.

இந்த எல்லையின் கடைசியில் இருப்பது கூட்டுச் சிலந்தி. மானாவாரிப் பக்கம் முள்வேலியிலும் கருவேல மரத்திலும் அழுக்குத் துணி சுற்றியது போலக் கூடு தெரியுமே, அதுதான். ஒரே கூட்டில் பல சிலந்திகள் சேர்ந்து வாழும். தாய் தன் உடலைக் கரைத்துக் குஞ்சுகளுக்கு வாயால் ஊட்டி, கடைசியில் தன்னையே தின்னக் கொடுத்துவிடுகிறது. சீனாவில் ஒரு தாவும் சிலந்தி தன் குஞ்சுகளுக்குப் பால் போன்ற திரவத்தைச் சுரந்து கொடுக்கிறது என்று 2018-ல் கண்டுபிடித்தார்கள்.

இனத்தைத் துல்லியமாகப் பிரிக்க ஆய்வாளர்கள் நிறத்தையோ வலையையோ நம்புவதில்லை. ஆண், பெண் இனப்பெருக்க உறுப்புகளை உருப்பெருக்கியில் பார்க்கிறார்கள். அக்கம்பக்கத்து இனங்கள் மற்ற எல்லாவற்றிலும் ஒத்திருந்தாலும், அந்த உறுப்புகள் மட்டும் வேகமாக மாறி இனத்துக்கு இனம் வேறு வடிவம் எடுத்திருக்கின்றன. குஞ்சில் அவை வளர்ந்திருக்காது. அதனால்தான் குஞ்சை வைத்து இனத்தைச் சொல்வது கடினம்.

உங்களுக்கு இதில் என்ன பயன் என்றால், இத்தனை இனமும் ஒரே வேலையைச் செய்வதில்லை. அடித்தூரை ஓநாயும் குள்ளனும் பார்க்கின்றன. நடுப்பயிரைப் பூனைச் சிலந்தியும் தாவும் சிலந்தியும் பார்க்கின்றன. பறக்கும் பூச்சியை வலைக்காரர்கள் பார்க்கிறார்கள். ஓர் இனம் குறைந்தால் ஒரு தளத்துக்குக் காவல் போய்விடும்.

கேள்வி: பெண் சிலந்தி ஆணைத் தின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் அவை எப்படிப் பெருகும்?
— வாசகி, பேராவூரணி

பதில்: சில இனங்களில் உண்மை. எல்லா இனத்திலும் இல்லை. மேலே சொன்ன ஆர்ஜியோப் இனத்தில் அடிக்கடி நடக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத் தோட்டங்களில் மஞ்சள் நிற நூலால் பெரிய வலை கட்டும் மரச் சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள். அதில் பெண்ணின் உடல் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் வரும். ஆண் அரை சென்டிமீட்டர் அளவுதான். அதே வலையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பவர் வேறு ஏதோ பூச்சி என்று நினைப்பார்.

பெண் பெரிதாக இருந்தால் வயிற்றில் அதிக முட்டை கொள்ளும். ஆண் சிறிதாக இருந்தால் சீக்கிரம் பருவத்துக்கு வந்து, சீக்கிரம் பெண்ணைத் தேடிப் போகலாம். இரண்டுக்கும் லாபம் வெவ்வேறு பக்கம் இருப்பதால் அளவும் வெவ்வேறு பக்கம் போய்விட்டது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

ஆண் சிலந்தியின் வழியே தனி. முகத்துக்குப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கால்கள் போல இருக்கும் உறுப்பின் நுனி ஆணில் மட்டும் உருண்டு தடித்திருக்கும். வயலில் ஆணை அடையாளம் காண அதுவே வழி. ஆண் ஒரு சிறிய வலை பின்னி, அதில் விந்துத் துளியை விட்டு, அதை அந்த உறுப்பில் உறிஞ்சி வைத்துக்கொண்டு பெண்ணைத் தேடிப் போகிறது. ஆர்ஜியோப், மரச் சிலந்தி போன்றவற்றில் அந்த உறுப்பின் நுனி உடைந்து பெண்ணுக்குள்ளேயே தங்கிவிடுவதும் உண்டு. அடுத்து வரும் ஆணுக்கு வழியடைக்கும் ஏற்பாடு அது. ஓநாய்ச் சிலந்தி ஆண் உடலை அதிரவிட்டு, முன் உறுப்பை ஆட்டி, "நான் இரை இல்லை" என்று முன்கூட்டியே தெரிவித்துவிட்டுத்தான் நெருங்கும்.

பெருக்கம் நிற்காததற்குக் காரணம் இது. பெண் சிலந்தி வாங்கிய விந்தைத் தனிப் பையில் சேமித்து வைத்துக்கொள்ளும். ஒரு முறை சேர்ந்துவிட்டால் பிறகு அடுத்தடுத்துப் பல பைகளுக்கு முட்டை இடலாம். ஆகவே உங்கள் வரப்பிலிருந்து சேர்க்கை முடிந்த ஒரே ஒரு பெண் வயலுக்குள் இறங்கினாலும், ஒரு குடும்பமே அங்கே உண்டாகும்.

கேள்வி: நடவுக்கும் களையெடுப்புக்கும் வரும் அம்மாக்கள் சிலந்திக்குப் பயப்படுகிறார்கள். கடித்தால் விஷமா?
— வாசகர், சிதம்பரம்

பதில்: நெல் வயல் சிலந்திகளால் உயிருக்கு ஆபத்தில்லை. அவை மனிதரைக் கண்டால் ஓடத்தான் பார்க்கும். கையில் நசுங்கினால் கடிக்கலாம். சோப்பு போட்டுக் கழுவினால் போதும். வீக்கமோ காய்ச்சலோ கூடினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். எது கடித்தது என்று தெரியாமல் போனால் தாமதிக்காமல் போங்கள். வயலில் பாம்பும் இருக்கிறது.

கேள்வி: வெண்டையில் இலைக்கு அடியில் சிவப்புச் சிலந்தி வந்து இலை வெளுக்கிறது. அதையும் விட்டுவைக்க வேண்டுமா?
— வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: விட்டுவைக்கக் கூடாது. அது சிலந்தி அல்ல, சிலந்திப்பேன். எட்டுக் கால், மெல்லிய நூல் என்று இரண்டு ஒற்றுமை இருப்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. சிலந்தி பூச்சியைத் தின்னும். சிலந்திப்பேன் இலைச் சாற்றை உறிஞ்சும். வெயில் காலத்தில் அது ஏன் அவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்றால், பெண் பேன் ஆணோடு சேராமலே முட்டை இடும். அப்படி இட்ட முட்டை ஆணாகப் பிறக்கும். சேர்ந்த பிறகு இடுவதில் பெண்ணும் பிறக்கும். தனியாக வந்து சேரும் ஒரு பேனால்கூடக் கூட்டம் உண்டாக்க முடியும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கலந்து, இலையின் அடியில் படும்படி, உச்சி வெயில் தவிர்த்து அடியுங்கள். இங்கும் பைரித்ராய்டு வேண்டாம். அது பேனைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்று பேனைப் பெருக்கிவிடும்.

கேள்வி: சிலந்தியை வயலுக்கு வரவழைக்க என்ன செய்யலாம்? விலைக்குக் கிடைக்குமா?
— வாசகர், திருவாரூர்

பதில்: ஒட்டுண்ணி அட்டை போலச் சிலந்தி விலைக்கு வருவதில்லை. ஒன்றையொன்று தின்னும் என்பதால் கூட்டமாக வளர்ப்பது சிரமம். வாங்கவும் தேவையில்லை, தானே வரும். குஞ்சுகள் புல் நுனியில் ஏறி, வயிற்றைத் தூக்கி, நூலைக் காற்றில் விட்டுப் பறந்து போகும். 1832-ல் சார்லஸ் டார்வின் தென் அமெரிக்கக் கரையிலிருந்து 60 மைல் தள்ளிக் கடலில் போன கப்பலில், இப்படிப் பறந்து வந்த சிலந்திகள் கயிறெல்லாம் படிந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறார். உங்கள் பக்கத்து வயலிலிருந்து வருவது பெரிய விஷயமா? வந்ததைத் தங்கவைப்பதுதான் நம் வேலை.

முதலாவது, தீனி. புகையான் வருவதற்கு முன் சிலந்தி எதைத் தின்னும்? தொழு உரமும் தழை உரமும் போட்ட சேற்றில் கொசு இனச் சிறு பூச்சிகள் நிறைய உண்டாகும். பயிரைத் தொடாத இந்தப் பூச்சிகள்தான் தொடக்கத்தில் சிலந்திக்குச் சோறு. ஜாவாத் தீவில் நடந்த ஆய்வை 1996-ல் வெளியிட்டபோது இதைத் தெளிவாகக் காட்டினார்கள். சேற்றில் மக்கு கூடினால், பூச்சி வருவதற்கு முன்பே சிலந்திப் படை தயாராக நிற்கும்.

இரண்டாவது, தொடக்க மருந்தை நிறுத்துவது. நட்ட 15-ம் நாள், 20-ம் நாள் "எதற்கும் இருக்கட்டும்" என்று அடிக்கும் மருந்துதான் அந்தப் படையைக் கலைக்கிறது. வியட்நாமின் மீகாங் டெல்டாவில் 1990-களில் முதல் 40 நாள் இலை தின்னும் பூச்சிக்கு மருந்து வேண்டாம் என்று இயக்கமாகவே சொன்னார்கள். இளம் பயிரில் இலைச்சுருட்டு கொஞ்சம் தின்றாலும், பயிர் புது இலை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, தங்குமிடம். வரப்பை ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள். ஒரு பக்கம் வெட்டி, ஒரு வாரம் கழித்து மறுபக்கம் வெட்டுங்கள். வரப்பில் உளுந்து ஊன்றினால் இன்னும் நல்லது. அறுவடைக்குப் பிறகு சிறு வைக்கோல் கட்டுகளை வரப்பில் ஆங்காங்கே போட்டு வையுங்கள். முட்டைப் பை சுமக்கும் தாய்கள் அதில் ஒதுங்கும். அடுத்த நடவு முடிந்ததும் கட்டுகளை வயலுக்குள் எடுத்து வையுங்கள். வைக்கோலையும் தாளையும் கொளுத்தினால் இதெல்லாம் சாம்பல்தான்.

நான்காவது, பட்டம் விட்டு நடுவது. இரண்டரை மீட்டருக்கு ஒரு அடி அகலம் விடுங்கள். வெளிச்சமும் காற்றும் அடித்தூருக்குப் போனால் புகையானுக்குப் பிடிக்காது. நீங்களும் உள்ளே நடந்து எண்ணலாம்.

மன்னார்குடி வாசகருக்கு ஒரு வார்த்தை. இந்த இதழ் கையில் கிடைக்கும்போது உங்கள் பயிர் பூட்டைப் பருவத்தை நெருங்கியிருக்கும். 20 குத்து எண்ணி, தூர், புகையான், சிலந்தி என்ற மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி உங்கள் உதவி வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். அந்த மூன்று எண்ணும் இருந்தால் அடிக்கலாமா வேண்டாமா என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். வெறும் "பூச்சி இருக்கிறது" என்று போனால் யாராக இருந்தாலும் மருந்தைத்தான் எழுதுவார்கள்.

அடுத்த இதழில் சம்பா நாற்றங்கால், விதை நேர்த்தி பற்றிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். எந்த ரகம், எத்தனை நாள் பயிர், எந்த நாளில் என்ன போட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.